அகநானூற்று எருவையும் செந்தலைப் பாறும்

சாலவாக்கத்திற்குக் கிழக்கே உள்ள திருக்கழுக்குன்றம், பறவையால் பெயர் பெற்ற ஊர். அம்மலையில் உச்சிப்பொழுதில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்த வெண்ணிறப் பறவைகள் மஞ்சள்முகப் பாறுகள் ஆகும். 1990களின் இறுதிக்குப் பின் அவற்றின் வருகை நின்றது. இவ்வட்டாரத்தில் கழுகு என்றதும் நினைவுக்கு வருவது அப்பறவையே. ஆனால், உயிருள்ள இரையை வேட்டையாடும் பறவைக்கும் இறந்த உடலை உண்ணும் பறவைக்கும் கழுகு என்னும் ஒரே சொல் வழங்குவது இனங்காணலில் குழப்பம் விளைவிக்கிறது. இதனால் அண்மைக்காலப் பறவையியல் எழுத்துகள் பின்னதற்குப் பாறு என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்துள்ளன. எருவை என்னும் மற்றொரு பழஞ்சொல்லுக்கு அகராதிகள் கழுகு, பருந்து என இரு பொருளும் தருகின்றன. அச்சொல் குறிக்கும் பறவையை அகநானூற்றின் 3ஆம் பாடல் கொண்டு வரையறுக்க இயலும்.

எயினந்தை மகனார் இளங்கீரனார் பாடிய அப்பாலைப் பாட்டில், ஓமை மரத்தின் பெருங்கிளையில் பெடை ஈன்று காவலிருக்கிறது. அதற்கு இரை தேடிச் செல்லும் எருவையின் செவி சிவந்தது. அது கவர்வது, மரையாவைக் கொன்று குருதி குடித்த புலி கைவிட்டுச் சென்ற ஊன். இங்குச் சிவந்த செவி, மரக்கூடு, தனித்த இணை, புலி விட்ட ஊன் ஆகிய நான்கு குறிப்புகள் உள்ளன. தமிழகப் பாறுகளுள் கருங்கழுத்துப் பாறு பாறை முகடுகளில் கூடு கட்டுவது. வெண்முதுகுப் பாறு மரத்தில் கட்டினும் கூட்டமாக வாழ்வது. அதன் தலையில் சிவப்பில்லை. மஞ்சள்முகப் பாற்றின் பெயரே அதன் முகநிறத்தைச் சொல்லிவிடும். எஞ்சுவது செந்தலைப் பாறு. அதன் மயிரற்ற தலை செந்நிறமானது. செவிக்குக் கீழே கழுத்தின் இருபுறமும் சிவந்த தோல்மடிப்புகள் தொங்கும். இணையாகவோ தனித்தோ வாழ்ந்து மர உச்சியில் கூடமைப்பது அதன் இயல்பு. ஓமை எம்மரம் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும், பறவையைப் பொறுத்தவரை ஐயத்திற்கு இடமில்லை என்றே கருதுகிறேன்.

இப்பறவையின் இன்றைய நிலை கவலைக்குரியது. 1990களின் தொடக்கத்திலிருந்து 2003க்குள் இந்தியாவில் அதன் தொகை 91 விழுக்காடு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2007இல் அதனை மிக அருகிவிட்ட இனமாக வகைப்படுத்தியது. இதே காலத்தில் பிற பாறுகளும் அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக் வெண்முதுகுப் பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலத்தைப் படியவைப்பதை 2004இல் பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆய்வு வெளிப்படுத்தியது. பாறுகள் உண்ணும் உடல்களுள் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் அம்மருந்து எஞ்சியிருந்தாலே இத்தகைய வீழ்ச்சிக்குப் போதும்.

இந்தியா 2006இல் டைக்ளோபினாக்கின் கால்நடைப் பயன்பாட்டைத் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டு மருத்துவத்திற்குத் திருப்பப்பட்டதால், 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் கட்டுப்படுத்தப்பட்டது. அசிக்குளோபினாக்கும் கீட்டோபுரோபனும் தடைப்பட 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. இக்காலத் தாழ்வு பொறுத்துக்கொள்ளத் தக்கதன்று. மெலாக்சிகம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்பது 2006இலேயே தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் செந்தலைப் பாறு இன்று முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்கிடையே ஓடும் மோயாற்றின் பள்ளத்தாக்கை ஒட்டியே காணப்படுகிறது. புலி உள்ள காட்டில் புலி விட்ட ஊனும் உண்டு. காட்டு விலங்கின் உடலில் வலிநீக்கி இராது. பழம்பாடலின் உணவுத்தொடர் இங்கு அறுபடவில்லை. ஆயினும் பள்ளத்தாக்கின் ஓரத்தில் மேயும் மாடுகளைப் புலி கொல்லும்போது, சினங்கொண்டோர் சிலர் எஞ்சிய உடலில் நஞ்சு தடவுவதுண்டு. புலிக்கு வைத்த நஞ்சு பாற்றையும் கொல்லும்.

செந்தலைப் பாறு ஒரு பருவத்தில் ஈனுவது ஒரே முட்டை. கூட்டமாக வாழாததால் ஓரிணை மறைந்தாலும் எளிதில் புலப்படாது. வெண்முதுகுப் பாறுகளின் கூடுகளை ஓரிடத்தில் நின்று எண்ணலாம். இதற்கு ஒவ்வோர் இணையின் எல்லையையும் தனித்தனியே தேடிச் செல்ல வேண்டும்.