மாகிம் கடலும் வானத்துக் கண்ணும்

தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததே. விகார் ஏரியின் உபரி நீராகப் புறப்பட்டு, வழியெல்லாம் சாக்கடையையும் பட்டறைக் கழிவையும் வாங்கிக்கொண்டு மாகிம் கடலில் கலக்கிறது. அந்தக் கடலை இப்போது விண்ணிலிருந்தும் கவனிக்கிறார்கள்.

கடல் ஆராய்ச்சிக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள் ‘ஓஷன்சாட்-1’. 1999 மே 26ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இரண்டாவது 2009லும், மூன்றாவது 2022 நவம்பரிலும் சென்றன. இவற்றில் உள்ள கேமரா பார்ப்பது கடலின் நிறத்தை. நுண்ணிய பாசிகளின் பச்சையம் நீல ஒளியை விழுங்கிவிடும். அதனால் பாசி பெருகிய கடல் பச்சையாகத் தெரியும். சேறு கலந்தால் பழுப்பு. சொல்வது சுலபம். கேமராவுக்கு வந்து சேரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்று மண்டலம் சிதறடித்தது. அதைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே கடல் சொல்லும் சேதி கிடைக்கும்.

பலன் இல்லாமல் இல்லை. இரவில் அலைகளை நீலமாக மின்ன வைக்கும் ‘நாக்டிலூகா’ என்ற நுண்ணுயிர் அரபிக் கடலில் குளிர் காலத்தில் திரளாகப் பெருகும். அது மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராண வாயு குறையும். மீன் விலகிப் போகும். இத்தகைய பெருக்கத்தை ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கண்டறிந்து தகவல் தருகிறது. டீசலுக்குக் கடன் வாங்கிப் படகு எடுக்கும் மீனவருக்கு அது சின்ன விஷயமல்ல.

மழைக்காலத்தில் மேகம் மறைத்தால் நிறம் பார்க்கும் கேமராவுக்கு வேலை இல்லை. 2010 ஆகஸ்ட் 7ல் மும்பைத் துறைமுகம் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதும் மழைக்காலத்தில்தான். அப்படிப்பட்ட வேளையில் ரேடார் பொருத்திய கோள்களே கைகொடுக்கும். எண்ணெய் படர்ந்த இடத்தில் சிற்றலைகள் அடங்கிவிடுவதால், ரேடார் படத்தில் அது கறுப்பாக விழும்.

ஆனால் மாகிம் கரையில் நிற்பவருக்கு வேண்டிய பதில் வேறு. காலை நனைக்கலாமா, கூடாதா? ஓஷன்சாட்-2 படத்தில் ஒரு புள்ளி என்பது 360 மீட்டர். 15 பெட்டி லோக்கல் வண்டியின் நீளத்துக்கும் அதிகம். மித்தியின் வாயே அதற்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு, கரையோரச் சேறு பச்சையக் கணக்கையும் குழப்பிவிடும். மலக் கிருமிகளுக்கோ நிறமே கிடையாது. எந்தக் கோளும் அவற்றை நேரில் காண முடியாது.

அதற்கு இன்றும் ஒரே வழிதான்: பாட்டிலில் தண்ணீர் மொண்டு சோதனைச் சாலைக்கு எடுத்துப் போக வேண்டும். குளிக்கத் தகுந்த கடல் நீரில் 100 மில்லி லிட்டருக்கு மலக் கிருமி 100க்கு மேல் இருக்கலாகாது என்பது நமது நாட்டு விதி. மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாகிம் உள்பட பல இடங்களில் நீர் எடுத்துச் சோதிக்கிறது. விசர்ஜன நாளில் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு நீரில் இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கைப் பார்த்திருப்பார்கள்? கோள்களுக்குச் செலவிடுவதில் தூசி அளவு போதும், கரையில் ஒரு பலகை நட்டு, கடைசியாகச் சோதித்த தேதியையும் எண்ணையும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி வைக்கலாம். மாகிமில் தமிழிலும் ஒரு வரி இருந்தால் படிக்க ஆள் உண்டு.