மாஸ்டா 787பி: அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியுமா?

1991 ஜூனில் பிரான்ஸின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை மாஸ்டா 787பி வென்றபோது, பந்தய விதியின் சலுகையும் அதிர்ஷ்டமும் சேர்ந்து தந்த வெற்றி என்றார்கள் சிலர். முதல் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. போர்ஷே, ஜாகுவார், மெர்சிடிஸ் கார்களின் எடை 1,000 கிலோவுக்குக் குறையக் கூடாது. மாஸ்டாவுக்கோ 830 கிலோ போதும். மாஸ்டாவின் பந்தயப் பிரிவான மாஸ்டாஸ்பீட்டின் தலைவர் தகயோஷி ஓஹாஷி விதி வகுக்கும் அமைப்பிடம் வாதாடிப் பெற்ற சலுகை அது. அதன் பலன் வேகத்தில் அல்ல, பெட்ரோலில்தான் தெரிந்தது. ஒரு காருக்கு 24 மணி நேரத்துக்கும் சேர்த்து 2,550 லிட்டர்தான். 7.4 லிட்டர் வி12 என்ஜினைச் சுமந்த ஜாகுவார்கள் கணக்குப் பார்த்து ஓட வேண்டியிருந்தது. மாஸ்டாவுக்கு அந்த நெருக்கடி குறைவு. ஆனால் எடைச் சலுகை மட்டும் எந்தக் காரையும் மறுநாள் மாலைவரை ஓடவைக்காது. முந்தைய ஆண்டு இறங்கிய இரண்டு 787 கார்களும் பாதியிலேயே நின்றுபோயிருந்தன.

ஆகவே எதை மாற்றினார்கள் என்பதே கேள்வி. நான்கு ரோட்டர் கொண்ட 2.6 லிட்டர் ஆர்26பி என்ஜின் நிமிடத்துக்கு 9,000 சுழற்சியில் சுமார் 700 குதிரைத்திறன் தரும். ரோட்டரி என்ஜின் பெட்ரோலைக் குடிக்கும் என்ற பெயரை மாற்றத்தான் அதிக உழைப்பு போயிற்று. ரோட்டருக்கு மூன்று ஸ்பார்க் பிளக். சுழற்சிக்கேற்ப நீண்டு குறுகும் காற்றுக்குழாய். தேய்மானம் தாங்கும் பீங்கான் சீல்கள். உலக சாம்பியன்ஷிப்பின் 430 கிலோமீட்டர் பந்தயங்களில் இவை பெரிதாக உதவவில்லை. அந்தச் சாம்பியன்ஷிப்பின் வேறெந்தப் பந்தயத்தையும் 787பி வெல்லவில்லை. ஒரே பந்தயத்துக்காகப் பிறந்த கார் என்றே இதைச் சொல்வேன்.

முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கடைசி மூன்று மணி நேரத்தில் சூடேறி நின்றதால்தானே வழி கிடைத்தது என்பது அடுத்த ஆட்சேபம். நடந்தது அதுதான். ஆனால் மூன்று மெர்சிடிஸ்களில் ஒன்றுதான் பந்தயத்தை முடித்தது. மூன்று மாஸ்டாக்களும் முடித்தன: 1, 6, 8-ஆம் இடங்கள். எதிரி நிற்கும்போது அடுத்த இடத்தில் பழுதில்லாமல் இருப்பதற்குத்தானே 24 மணி நேரம் ஓட்டுகிறார்கள்? வென்ற காரை ஓட்டிய வைட்லர், ஹெர்பர்ட், கஷோ மூவரும் 362 சுற்றுகள் முடித்தார்கள். அடுத்து வந்த ஜாகுவார் 360. (கடைசிக் கட்டத்தை ஓட்டிய ஹெர்பர்ட் சோர்ந்து விழுந்ததால் பரிசு மேடைக்கே வர முடியவில்லை.)

வென்றதால்தான் ரோட்டரியைத் தடைசெய்தார்கள் என்பது ரசிகர்கள் விடாமல் சொல்லும் கதை. ஆனால் ரோட்டரிக்கு இடம் தராத 3.5 லிட்டர் பிஸ்டன் என்ஜின் விதி இந்த வெற்றிக்கு முன்பே முடிவாகியிருந்தது. 1992-இல் மாஸ்டா ஜட் வி10 அடிப்படையிலான என்ஜினோடு வந்து நான்காம் இடம் பிடித்தது.