நூற்றைம்பது கிராமுக்குள்

பிரிட்டனில் சண்டை ரோபோ செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களிடம் ஆன்ட்வெயிட் என்ற எடைப்பிரிவு என்றால் 150 கிராம். நீளம், அகலம், உயரம் மூன்றும் நான்கு அங்குலம் கொண்ட பெட்டிக்குள் ரோபோ அடங்க வேண்டும் என்பது கூடவே வரும் விதி. இந்த இரண்டு அளவும் நெடுங்காலமாக நிலைத்திருக்கின்றன. அவற்றுக்குள் வைக்கும் பொருள்கள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டன.

1994இல் சான் பிரான்சிஸ்கோவில் மார்க் தார்ப் தொடங்கிய ரோபோட் வார்ஸ், 1998இல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் மோதியவை பலர் சேர்ந்து தூக்க வேண்டிய இயந்திரங்கள். வெல்டிங் வசதியும் பணமும் இல்லாதவர்களுக்குச் சமையலறை மேசையிலேயே செய்து முடிக்க வாய்த்தது ஆன்ட்வெயிட்.

அன்று அதற்கென்று உதிரிப்பாகம் கிடைப்பது அரிது. மாடல் விமானத்துக்கான சிறு சர்வோ மோட்டாரை வாங்கிப் பிரிப்பார்கள். பல்சக்கரத்தில் உள்ள தடுப்பைப் பிளேடால் சீவி, கோணத்தை அளக்கும் மாறுமின்தடையைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு நிலையான மின்தடைகளைப் பற்றவைப்பார்கள். அரைவட்டத்தோடு நின்றுவிடும் சர்வோ அதன்பின் நில்லாமல் சுற்றும், சக்கரத்தை மாட்டிவிடலாம். இன்று விரல்நுனி அளவு கியர் மோட்டார்களும், இரண்டு மோட்டாரையும் சேர்த்து இயக்கும் சிறு வேகக்கட்டுப்பாட்டுப் பலகையும் தயாராக விற்கின்றன. ஒரு மாலையில் வண்டி ஓடிவிடுகிறது. புதிதாக வருபவருக்கு இது பேருதவி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சர்வோவைப் பிரித்தவர், அது தன் நிலையை எப்படி அறிகிறது என்பதையும் கைவேலையோடு கற்றுக்கொண்டார். அந்தப் பாடம் பலகையோடு வருவதில்லை.

ரோபோவை இயக்கும் ரேடியோவிலும் அப்படித்தான். அன்று 40 மெகாஹெர்ட்ஸ். சேனலுக்கு ஒரு படிகம். மோதவிருக்கும் இருவரும் ஒரே சேனலில் இருந்தால் ஒருவர் படிகத்தை மாற்ற வேண்டும். ஆகவே யார் எந்தச் சேனல் என்று எல்லாரும் எல்லாரையும் கேட்டே ஆக வேண்டும். இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் தம் இணையை மட்டுமே கேட்கின்றன. அந்தக் கவலை ஒழிந்தது. அறிமுகத்துக்கு இருந்த அந்தக் காரணமும் ஒழிந்தது.

மிகப் பெரிய மாற்றம் பேட்டரியில். நிக்கல் செல் ஒன்று தருவது 1.2 வோல்ட், லித்தியம் பாலிமர் செல் 3.7 வோல்ட், அதுவும் அதே ஆற்றலுக்கு மிகக் குறைந்த எடையில். மிச்சமான எடை ஆயுதத்துக்குப் போனது. அன்று பெரும்பாலும் ஆப்பு வடிவத் தகடோ தூக்கும் கையோதான். எதிரியைக் கவிழ்ப்பதும் மேடைக்கு வெளியே தள்ளுவதும் ஆட்டம். இன்று டிரோன்களுக்காகப் பெருகிய பிரஷ்லெஸ் மோட்டாரில் எஃகுப் பட்டை சுழல்கிறது. 25 கிராம் எடையும் 8 செ.மீ. நீளமும் உள்ள பட்டை நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுவதாகக் கணக்கிட்டால், அதில் சேரும் ஆற்றல் சுமார் 16 ஜூல். முழு ஆன்ட்வெயிட் ஒன்றைப் பதினோரு மீட்டர் உயரத்துக்கு ஏற்ற அது போதும். பட்டையின் நுனி மணிக்கு 225 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். இதைச் சமையலறைத் தரையில் ஓட்டிப் பார்க்க முடியாது, கூடாது. பாலிகார்பனேட் சுவர்களுக்கு உள்ளேதான் சோதிக்க வேண்டும். வெளியே இருக்கும்போது ஆயுதத்துக்குப் பூட்டு மாட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகள் ஓட்டிப் பழகிய விளையாட்டு அந்தச் சுவருக்கு அப்பால் போய்விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. சுழலும் ஆயுதம் இல்லாத ரோபோக்களுக்கெனத் தனிப் போட்டி நடத்துபவர்கள் செய்வது நல்ல காரியம்.

உடலை அன்று ரம்பத்தால் அறுத்தார்கள்: பாலிகார்பனேட் தகடு, காய்கறி நறுக்கும் பிளாஸ்டிக் பலகை. கை போன போக்கு ஒவ்வொன்றிலும் தெரியும். பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கும் முப்பரிமாண அச்சுமுறையின் அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானபின், அச்சுப்பொறி வீட்டு மேசைக்கே வந்தது. வெட்டும் நேரம் கணினியில் வரையும் நேரமாயிற்று. நன்றாக வென்ற வடிவத்தைப் பலரும் தழுவுவதால் ரோபோக்கள் ஒன்றுபோல் தோன்றத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் சட்டகம் பிளந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்ற நிலை இப்போது இல்லை. ரப்பர்போல் வளையும் டிபியூ பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாற்றுச் சட்டகம் பையில் இருக்கும். மோட்டார்களை அதற்கு மாற்றி, திருகுகளை முடுக்கி, எடைத் தராசில் வைத்து 150ஐத் தாண்டவில்லை என்று பார்த்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகிறார்கள்.