மகனிடம் சொல்ல முடியாத நோவு

உரோமர் காலந்தொட்டு வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பெயர்பெற்ற ஆஹென் நகரில், எண்பதுகளில் இளவயதில் வந்து தஞ்சமடைந்த எம் தாய்மார் பலர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டனர். ஜேர்மனியர் 'வெக்சல்யாரெ', அதாவது மாற்ற ஆண்டுகள், எனக் குறிப்பிடும் பருவம் அவர்களையும் வந்தடைந்துள்ளது. அதுபற்றி வாய்திறந்து பேசுவோர் எம்மிடையே மிகச் சிலரே.

வைத்தியரின் அறையை எண்ணிப் பாருங்கள். தாயின் அருகே மொழிபெயர்ப்பாளராக அமர்ந்திருப்பவன் அவள் பெற்ற மகன். இரவில் உடல் கொதித்து வியர்த்து விழிப்பதையும், தாம்பத்திய உறவில் நோவு உண்டாவதையும் அவனைக்கொண்டு அவள் எவ்வாறு சொல்விப்பாள்? "தலையிடி, நித்திரை இல்லை" என்பதுடன் நிறுத்திக்கொள்கிறாள். வைத்தியரும் அவற்றுக்குரிய குளிசைகளையே எழுதிக் கொடுக்கிறார்.

சூலகங்களின் ஓமோன் சுரப்புக் குறைவதே இம்மாற்றத்தின் மூலம். எனவே "எல்லாம் மனப்பிரமை" எனக் கணவன்மார் ஒதுக்குவது அறியாமையாகும். ஆயினும் எல்லாச் சமூகத்துப் பெண்களும் இதனை ஒரேவிதமாக அனுபவிப்பதில்லை. 1975 இல் அமெரிக்க மானிடவியலாளர் மார்ஷா பிளின்ட், வட இந்திய இராசபுத்திரப் பெண்கள் 483 பேரைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டார். மாதவிடாய் நின்றதைத் தவிர முறைப்பாடு கூறியோர் அவர்களுள் அரிது. அப்பருவத்துடன் முக்காடு விலகி, ஆண்கள் கூடும் இடத்தில் சமமாக அமர்ந்து பேசும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது என்பதே அவர் கண்ட விளக்கம். யப்பானியப் பெண்களை ஆராய்ந்த மார்கரெட் லொக், 1993 இல் வெளிவந்த நூலில், அவர்கள் வெப்ப அலைகளைவிடத் தோள் இறுக்கத்தையே அதிகம் கூறியதை எடுத்துக்காட்டினார். சமூகம் மட்டுமல்ல, உடலியல்பும் இடத்துக்கிடம் வேறுபடலாம் என்பது அவர் கருத்து.

எம் ஊர்களிலும் 'தீட்டு' நீங்கிய பெண் நாள் பாராது கோயிற் காரியங்களில் முன்நின்றாள். (இளமையில் அவளை ஒதுக்கிவைத்த வழக்கமே முதுமையில் சலுகை தந்தது, அதனை நாம் புகழவில்லை.) குறை கேட்க மூத்த சகோதரியும் மச்சாளும் கிணற்றடியில் இருந்தனர். இங்கோ அடுக்குமாடி வீடு, விடிகாலைத் துப்புரவு வேலை, வேற்று நகரில் பிள்ளைகள், போரில் இழந்தோரின் நினைவு. நித்திரை கெடுவது ஓமோனாலா துயராலா என்பதைப் பிரித்தறிவது வைத்தியருக்கே கடினம். தைரொயிட் கோளாறும் இதே அறிகுறிகளைக் காட்டும் என்பதால், இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுவது நன்று.

மொழிபெயர்ப்பாளர் செலவைச் சட்டபூர்வ நோய்க்காப்புறுதி வழமையாக ஏற்பதில்லை. ஆகவே நம்பிக்கைக்குரிய தோழி ஒருவரை உடன் அழைத்துச் செல்லலாம். அல்லது அறிகுறிகளை அவர் மூலம் ஜேர்மன் மொழியில் எழுதுவித்துக் கையில் கொடுக்கலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் இரத்தம் கண்டால், அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். அன்று தோழி கிடைக்காவிடின், மகனிடமே சொல்லிப் பெண்நோய் வைத்தியரை நாடுங்கள்.