நம் மலைக்காட்டு மேப்பிளும் ஒரு சிறிய சீட்டும்

மேப்பிள் என்றதும் கனடா கொடியில் உள்ள இலைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். மலேசியாவின் மலைக்காடுகளிலும் இயற்கையாக வளரும் மேப்பிள் மரம் ஒன்று உண்டு, மாணவர்களே. அதன் அறிவியல் பெயர் ஏசர் லாரினம். பூமத்திய ரேகையைத் தாண்டி ஜாவா வரை இயற்கையாகப் பரவியுள்ள ஒரே மேப்பிள் இனம் இதுவே.

இதன் இலையில் விரல்கள் போன்ற பிளவுகள் இல்லை. லாரல் மரத்தின் இலையை ஒத்திருப்பதால்தான் 'லாரினம்' என்ற பெயர் வந்தது. அப்படியானால் இது மேப்பிள் என்று எப்படிக் கண்டறிவது? இலைகள் எதிரெதிராக இணைந்து அமைந்திருக்கும். காயோ இரட்டை இறக்கை கொண்டது. முற்றியதும் இரண்டாகப் பிரிந்து, காற்றில் சுழன்றபடி விழும்.

இந்த அடையாளங்களைப் பல ஆண்டுகளுக்குப் பாதுகாக்கும் இடமே ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகம். இலையும் பூவும் காயும் உள்ள சிறு கிளையைத் தாள்களுக்கு இடையில் அழுத்தி உலர்த்துவார்கள். பின்னர் தடித்த அட்டையில் பொருத்துவார்கள். ஓர் இலையையாவது திருப்பி வைப்பது வழக்கம். ஏசர் லாரினத்துக்கு இது மிக முக்கியம்; அதன் இலையின் அடிப்புறம் வெண்மையாக இருக்கும்.

அட்டையின் மூலையில் ஒரு சீட்டு ஒட்டப்படும். சேகரித்த இடம், நாள், சேகரித்தவர் பெயர், எண், மரத்தின் உயரம், பூவின் நிறம் ஆகியவை அதில் இருக்கும். உலர்ந்தபின் பூவின் நிறம் மங்கிவிடும். மரத்தின் உயரத்தைக் கிளை சொல்லாது. எனவே, எழுதிவைத்தால்தான் உண்டு.

இத்தகைய மாதிரிகளை ஒப்பிட்டே பெயர்க் குழப்பங்களும் தீர்க்கப்படுகின்றன. இதே மேப்பிளுக்கு 1847-இல் 'ஏசர் நிவேயம்' என்ற பெயரும் சூட்டப்பட்டது. 'நிவேயம்' என்றால் பனிபோல் வெண்மையானது என்று பொருள். இரண்டும் ஒரே மரம் என்று கொள்ளப்பட்டதால், முதலில் வெளியான 'லாரினம்' நிலைத்தது.

சிங்கப்பூர்ப் பூமலையின் காப்பகத்தில் மட்டும் 7 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் உள்ளன. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்திலும் ஒரு காப்பகம் உண்டு. ஒரு காடு அழிக்கப்பட்ட பிறகும், அங்கே எந்த மரம், எந்த மாதத்தில் பூத்தது என்பதற்கு இந்த அட்டைகளே சான்று. பழைய நாள்களை இன்றைய நாள்களோடு ஒப்பிட்டு, பருவநிலை மாற்றத்தால் பூக்கும் காலம் மாறியுள்ளதா என்றும் ஆராயலாம்.

ஆனால், இடமும் நாளும் இல்லாத மாதிரி இக்கேள்விகளுக்குப் பதில் தராது. அடுத்த முறை பள்ளி வளாகத்தில் உதிர்ந்த இலையைப் புத்தகத்தில் வைத்து உலர்த்தும்போது, பக்கத்தில் இடத்தையும் நாளையும் எழுதுங்கள். அப்போதுதான் அது அறிவியல் பதிவாகும்.