படியும் ஆழாக்கும்

சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2003-ஆம் ஆண்டு தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, 2007-08 கல்வியாண்டில் தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் விரிந்த வரலாறு இத்தொடரின் முந்தைய பகுதியில் விளக்கப்பட்டது. ஆந்திரத்தின் ரிஷிவேலியைச் சூழ்ந்த சிற்றூர்ப் பள்ளிகளில் உருவாகிய கற்றல் ஏணி, அதாவது ஒரு பாடத்தைச் சிறு படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையும் அட்டைகளின் துணையோடு தன் வேகத்தில் ஏறிச் செல்ல வழிசெய்யும் அமைப்பே அம்முறைக்கு முன்மாதிரி. சிற்றூருக்காகப் பிறந்த ஒரு முறை மாநகரின் வழியாகத் திரும்பி மலைக்கு வந்தபோது எதைக் கொண்டுவந்தது, எதை அங்கேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பதே இப்பகுதியின் பொருள்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் ஊராட்சிகள் நாடு என்ற பெயரையே பெரும்பாலும் தாங்கி நிற்கின்றன. எடப்புளி நாடு அவற்றுள் ஒன்று. மலையாளிப் பழங்குடி மக்களின் சிற்றூர்கள் சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் சிதறிக் கிடப்பதால் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவாக இருப்பது இயல்பு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 60 மாணவர் வரையுள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது, வகுப்புகளோ ஐந்து. ஆகவே ஒரே அறையில் பல வகுப்புகளை ஒருசேர நடத்துவது இத்தகைய பள்ளிகளின் அன்றாட நிலையாகிறது. ஓர் ஆசிரியர் ஒரு குழுவோடு அமர்ந்திருக்கும் நேரத்தில் ஏனைய குழுக்கள் தாமாகவே பொருளுள்ள ஒரு வேலையில் ஈடுபட்டிருக்க வேண்டும் என்ற தேவையே செயல்வழிக் கணிதத்தை மலைப்பள்ளிக்கு இன்றியமையாததாக்குகிறது.

குழந்தை ஒரு கருத்தை முதலில் கையால் செய்தும், பின்னர் படமாகக் கண்டும், அதன் பிறகே குறியீடாக எழுதியும் உள்வாங்குகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் விளக்கினார். தமிழ்நாட்டில் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன், கடையில் வாங்கத் தேவையில்லாத எளிய பொருள்களைக் கொண்டே இந்தப் பாதையை நெடுங்காலம் நடைமுறையில் காட்டினார்.

கொல்லிமலையில் அத்தகைய பொருள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலை இது. தானியத்தை அளக்கத் தமிழ்நாட்டில் வழங்கிய பழைய முகத்தலளவைகளோ பின்னத்தின் முழுப்பாடத்தையும் தம்முள் அடக்கியவை. ஒரு படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. ஆகவே ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. எட்டு நான்கைவிடப் பெரிதாகையால் எட்டில் ஒன்று நான்கில் ஒன்றைவிடப் பெரிது என்று எண்ணுவது தொடக்க வகுப்புக் குழந்தைகளிடம் உலகெங்கும் காணப்படும் பிழை. ஆழாக்கையும் உழக்கையும் அருகருகே வைத்துச் சாமையை மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்த குழந்தையிடம் அந்தப் பிழை நெடுநாள் நிலைப்பதில்லை. மூன்று ஆழாக்குத் தானியத்தோடு ஓர் உழக்கைச் சேர்த்தால் படியில் எத்தனை பங்கு என்ற வினாவுக்கு விடை காண, உழக்கை முதலில் இரண்டு ஆழாக்காக அளந்துகொள்ள வேண்டியிருக்கிறது. எட்டில் ஐந்து என்ற விடையை அடையும் குழந்தை, பொதுப் பகுதி காணுதல், அதாவது வெவ்வேறு பின்னங்களை ஒரே அளவிலான கூறுகளாக மாற்றிக்கொள்ளுதல் என்ற விதியை அதன் பெயரைக் கேட்பதற்கு முன்பே செய்து முடித்திருக்கிறது. பழைய அளவைகள் கிடைக்காத பள்ளியில், ஒன்று மற்றதன் பாதியாக அமையுமாறு வெட்டிய மூங்கில் குழாய்களோ குறியிட்ட டப்பாக்களோ போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு படிக்கு எத்தனை ஆழாக்கு என்பதைத் தலை தட்டாமல் குவியலாக அளக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் விடை எட்டாக வராது; பாத்திரத்தின் வாயகலத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள விகிதம் ஒவ்வொன்றிலும் வேறுபடுவதே காரணம். அந்த நேரத்தில் ஆசிரியர் சரியான விடையைச் சொல்லிவிடுவாரானால் செயல்பாடு வெறும் விளையாட்டாகச் சுருங்கிவிடும். ஏன் ஏழரை வந்தது என்று கேட்பாரானால் அங்கேதான் சிக்கல் தீர்த்தல் தொடங்குகிறது. முதலில் ஊகித்து எழுதுதல், பின்னர் அளத்தல், வேறுபாட்டுக்குக் காரணம் தேடுதல் என்ற வரிசையே பொருள்களைவிட முதன்மையானது. செயல்வழிக் கற்றலின் மெய்யான பலவீனமும் இவ்விடத்திலேதான் இருக்கிறது: அட்டைகளை முடிப்பதே குறிக்கோளாகும்போது கை இயங்குகிறது, வினா எழுவதில்லை.

பொருளே தேவைப்படாத சிக்கல்களும் மலையில் உள்ளன. காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எண்ணிடப்பட்டவை. 27-ஆம் வளைவைக் கடந்துவிட்ட பேருந்து இன்னும் 43 வளைவுகளில் திரும்ப வேண்டும். ஆனால் 27-க்கும் 70-க்கும் இடையில் உள்ள வளைவுகள் 42 மட்டுமே. இரண்டு விடைகளும் சரி என்பதைக் குழந்தைகள் தமக்குள் வாதிட்டு நிறுவுவது, முப்பது கழித்தல் கணக்குகளைப் போடுவதைவிடப் பெரிய கணிதம்.

கொரோனாக் கால இழப்பை ஈடுசெய்ய 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டமும் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்துச் செயல்பாடுகள் வழியே கற்பிக்க வகைசெய்கிறது. அத்திட்டத்தின் கணக்குப் பாடங்களில் லிட்டரும் மில்லிலிட்டரும் வரும் இடத்துக்கு முன்னால் படியும் ஆழாக்கும் வரவேண்டும். படியின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பதையும், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை வரக் காரணமான, நாடு முழுமைக்கும் ஒரே அளவு வேண்டும் என்ற தேவையையும் இரண்டு வெவ்வேறு படிகளால் ஒரே மூட்டைச் சாமையை அளந்து பார்க்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தை தானே கண்டுகொள்ளும்.