விரலுக்குள் மறையும் ஸ்வரம்

ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. கடுகு அளவுதான் இருக்கும்!

அது இருக்க வேண்டிய இடத்தை விட்டு ஒரு படி மேலே ஏறிவிட்டால் போதும். 80 பேர் கூடி வாசிக்கும் இசை அந்த இடத்தில் நாராசமாகிவிடும்.

மேல்நாட்டு சங்கீதத்தில் எல்லாமே எழுத்துதான். நம் வித்வான்கள் மேடையில் ராகத்தைக் கற்பனையாக விரித்துப் பாடுவார்கள். அங்கே அப்படி அல்ல. எந்த வாத்தியக்காரர், எந்த இடத்தில், எந்த ஸ்வரத்தை வாசிக்க வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்துவிடுவார்கள். எதிரே அதை விரித்து வைத்துக்கொண்டு வாசிப்பார்கள்.

எப்படி எழுதுவது? படுக்கையாக 5 கோடுகள் போடுவார்கள். கோட்டின் மேலும், இரண்டு கோடுகளுக்கு நடுவிலும் புள்ளி வைப்பார்கள். புள்ளி மேலே போனால் ஸ்வரம் ஏறும். கீழே வந்தால் இறங்கும். ஏணிப்படி மாதிரி!

இத்தாலியில் 11-ம் நூற்றாண்டில் வாழ்ந்த கைடோ என்ற துறவி இந்த முறையைச் சீர்படுத்தினார். அவர் காலத்தில் 4 கோடுகள். பிறகு 5 ஆயிற்று.

தகட்டில் சுத்தியல்!

வெனிஸ் நகரத்தில் 1501-ல் பெட்ருச்சி என்பவர் அச்செழுத்துக்களைக் கோத்து இசைப் புத்தகம் அச்சிட்டார். அதற்குப் பிறகு தகட்டில் அடிக்கும் தொழில் வந்தது.

மெத்தென்ற உலோகத் தகட்டை எடுத்துக்கொள்வார்கள். ஸ்வரக் குறி வெட்டிய எஃகு ஆணியை அதன் மேல் வைத்து, சுத்தியலால் ஒரு தட்டு! இப்படி ஒவ்வொரு ஸ்வரமாக அடிக்க வேண்டும். அதுவும் கண்ணாடியில் தெரிவதுபோல, வலமிருந்து இடமாக! ஒரு பக்கம் முடியப் பல மணி நேரம் ஆகும்.

தப்பு நேர்ந்தால் என்ன செய்வார்கள்? தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்னாலிருந்து தட்டி, பள்ளத்தை மேடாக்கி, சமன் செய்து, மறுபடியும் அடிப்பார்கள். சிரமமான வேலைதான். ஆனாலும் அந்தத் தொழிலாளிக்கு ஒரு வசதி இருந்தது. எந்தப் புள்ளி வேண்டுமோ அந்தப் புள்ளியை மட்டும் தொட அவரால் முடிந்தது!

36 வருஷம் நின்ற பிழை

அச்சில் தப்பு வந்தால் அது லேசில் போகாது. பீத்தோவன் பெரிய மேதை. அவருடைய 5-வது சிம்பனி உலகப் பிரசித்தம். அதன் 3-வது பகுதியில், வேண்டாத 2 சிறு பகுதிகள் அச்சில் சேர்ந்துவிட்டன. 1810-ல் அவரே பதிப்பாளருக்குக் கடிதம் எழுதினார். பலன்? ஒன்றும் இல்லை. அவர் 1827-ல் காலமானார். அந்தக் கடிதம் 1846-ல்தான் பத்திரிகையில் வெளியாயிற்று. எழுதியவரே சொல்லியும் 36 வருஷம் ஆயிற்று!

கம்ப்யூட்டர் வந்தது

அமெரிக்காவில் 1988-ல் "பினாலே" என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் வந்தது. இங்கிலாந்தில் பின் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரட்டைச் சகோதரர்கள் "சிபேலியஸ்" என்ற புரோகிராமை 1993-ல் வெளியிட்டார்கள். தகடும் இல்லை, சுத்தியலும் இல்லை. மவுசை நகர்த்தினால் திரையில் ஓர் அம்புமுனை நகரும். அது ஊசி போலக் கூர்மையானது. ஒரு புள்ளியைத் தொட்டால் அதன் நிறம் மாறும். "இதைத்தான் பிடித்திருக்கிறேன்" என்று கம்ப்யூட்டர் சொல்வதற்கு அது அடையாளம். பிறகு அதை ஏற்றலாம், இறக்கலாம், அழிக்கலாம்.

ஐபேட் என்ற சிலேட்டுக் கம்ப்யூட்டர் 2010-ல் வந்தது. 2021 ஜூலையில் சிபேலியஸ், டோரிகோ என்ற இரண்டு இசைப் புரோகிராம்களும் அதில் வந்து சேர்ந்தன. ஒத்திகை நடக்கும் இடத்திலேயே, மடியில் வைத்துக்கொண்டு திருத்தலாம். இசை எழுதுவோர் மகிழ்ந்தார்கள்.

ஆனால் தொல்லையும் கூடவே வந்தது!

10 மில்லிமீட்டர் விரல்

சாதாரணப் பியானோ புத்தகத்தில் 5 கோடுகளும் சேர்ந்து ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் உயரம். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதனுடைய விரல் நுனியோ சுமார் 10 மில்லிமீட்டர்! விரலை வைத்தால் 5 கோடுகளும் மறைந்துபோகும். எதைத் தொடுகிறோம் என்பது தொடுகிறவருக்கே தெரியாது.

கூட்டு ஸ்வரம் என்றால் இன்னும் கஷ்டம். ஒரே காம்பில் 3 அல்லது 4 புள்ளிகள், திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ளதைப் பிடிக்கப் போனால் மேலே உள்ளது அகப்படும்.

விரலின் நோக்கம் என்ன என்பதும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஒரு புள்ளியைக் கேட்கிறாரா? குலை முழுவதையும் கேட்கிறாரா? பக்கத்தைத் தள்ளப் பார்க்கிறாரா? எல்லாவற்றுக்கும் அதே விரல்தானே!

சில புரோகிராம்களில், தொட்ட விரல் சற்றே வழுக்கினால் புள்ளி ஒரு படி நகர்ந்துவிடும். சத்தம் போடாமல் நகரும். அதுதான் ஆபத்து. மறுநாள் ஒத்திகையில் பிடில்காரர் அதை அப்படியே வாசிப்பார். பழி அவர் தலையில் விழும்!

என்ன வழி?

முதல் வழி எளிது. இரண்டு விரல்களைத் திரையில் வைத்து விரித்தால் பக்கம் பெரிதாகும். கடுகு சுண்டைக்காய் ஆகிவிடும். பிறகு தொடலாம். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை, அகப்பட்டுக்கொள்வதும் அவர்கள்தான்.

பேனா போன்ற கருவியும் உண்டு. ஐபேடுக்கான பென்சில் 2015-ல் வந்தது. அதன் முனை மெல்லியது, புள்ளியை மறைக்காது. சிலர் சின்ன விசைப்பலகையை இணைத்துக்கொள்கிறார்கள். சுலபமாக அகப்படும் ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, அம்புக்குறி விசையால் அடுத்த புள்ளிக்கு நடந்து போகிறார்கள். பல புள்ளிகள் வேண்டுமானால் சுற்றிலும் கட்டம் போட்டு மொத்தமாகப் பிடிக்கலாம்.

எல்லாவற்றையும் விட நல்ல காவல்காரன் காதுதான். புள்ளியைத் தொட்டவுடன் அந்த ஸ்வரத்தை ஒலிக்கும் வசதி இந்தப் புரோகிராம்களில் இருக்கிறது. கண் ஏமாந்தாலும் காது கண்டுபிடித்துவிடும். சத்தத்தை அடைத்துவிட்டு வேலை செய்வது கண்ணைக் கட்டிக்கொண்டு தெருவில் நடப்பது போலத்தான்.

இந்தச் சங்கடமே வேண்டாம் என்று காகிதத்தோடு இருப்பவர்களும் உண்டு. இசையமைப்பாளர் இளையராஜா மேல்நாட்டுக் குறிப்புகளைத் தம் கையாலேயே எழுதுபவர். அவருடைய "வேலியண்ட்" சிம்பனி 2025 மார்ச் 8-ந் தேதி லண்டனில் அரங்கேறியது.

முன்னோடியான பினாலே புரோகிராமை நிறுத்துவதாக 2024 ஆகஸ்டில் அதன் கம்பெனி அறிவித்தது. அதில் பல வருஷம் எழுதியவர்கள் தங்கள் இசையை வேறு புரோகிராம்களுக்கு மாற்ற ஓடினார்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறவர்கள் பழகிப் பார்க்க "மியூஸ்ஸ்கோர்" என்ற புரோகிராம் உண்டு. காசு கொடுக்க வேண்டியதில்லை. மவுசால் ஒரு புள்ளியைத் தொட்டு, மேல் அம்புக்குறியைத் தட்டினால் ஸ்வரம் அரைப்படி ஏறும். ஏறிய ஒலியும் உடனே கேட்கும்.